வெற்றிடக் குழாய் ஒலிவாங்கி: துல்லியமான பதிவுக்கு ஏற்றதா?

வெற்றிடக் குழாய் ஒலிவாங்கி என்பது மின்தேக்கி ஒலிவாங்கியில் (கண்டென்சர் மைக்) ஒரு வகை. பழைய ரேடியோவில் இருந்த வால்வைப் போன்ற சிறு வால்வு ஒன்று இதன் உடலுக்குள் இருக்கும். ‘குரலை உள்ளது உள்ளபடி பிடிக்க இதுவே சிறந்தது’ என்ற நம்பிக்கை இன்று ஒலிப்பதிவில் இறங்கும் இளைஞர்களிடம் பரவலாக உள்ளது. கூத்துப் பாட்டையும் ஒப்பாரியையும் பதிவு செய்யப் புறப்பட்ட திண்டிவனத்து மாணவர் ஒருவர், பணம் சேர்த்து வால்வு மைக் வாங்கலாமா என்று என்னிடம் கேட்டார். அந்த நம்பிக்கை சரிதானா என்று பார்ப்பதே இக்கட்டுரை.

வால்வு ஏன் உள்ளே வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். இவ்வகை மைக்கில் ஒலியைப் பிடிக்கும் பகுதியை கேப்சூல் என்பார்கள். ஒரு மெல்லிய படலமும் அதன் பின்னே ஓர் உலோகத் தகடும் சேர்ந்த மின்தேக்கி அது. அதன் கொண்மம் சில பத்து பிக்கோஃபாரட்தான். 50 பிக்கோஃபாரட் என்று கொண்டால், 20 ஹெர்ட்சில் அதன் மின்மறுப்பு ஏறத்தாழ 16 கோடி ஓம். (12ஆம் வகுப்பு இயற்பியல் சூத்திரமே போதும், போட்டுப் பாருங்கள்.) இத்தகைய மூலத்திலிருந்து வரும் சமிக்ஞையை நீண்ட கம்பியில் நேரடியாக அனுப்ப முடியாது. கேப்சூலுக்குப் பக்கத்திலேயே மின்மறுப்பைக் குறைத்துத் தரும் உறுப்பு ஒன்று தேவை. அக்காலத்தில் அதற்கு வால்வைத் தவிர வேறு வழி இல்லை. இனிமைக்காக யாரும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை.

ஜெர்மனியின் நாய்மன் நிறுவனம் 1949இல் கொண்டுவந்த யு47 மைக்கின் கதையே இதற்குச் சான்று. அதில் இருந்த விஎஃப்14 என்ற வால்வின் உற்பத்தி 1950களின் பிற்பகுதியில் நின்றது. 1960இல் வந்த யு67, இஎஃப்86 என்ற வேறு வால்வைக் கொண்டிருந்தது. 1967இல் வந்த யு87இல் வால்வே இல்லை. அந்த இடத்தில் புலவிளைவு டிரான்சிஸ்டர். யு67, யு87 இரண்டின் கேப்சூல்களும் ஒரே வடிவமைப்பிலிருந்து வந்தவை. இரண்டையும் கேட்பவர்களுக்குக் குடும்பச் சாயல் தெரியும். மைக்கின் குணத்தைப் பெரிதும் தீர்மானிப்பது கேப்சூலும் அதைச் சுற்றியுள்ள வலைக்கூடும்தான். மின்சுற்றும் மின்மாற்றியும் அதன் பிறகே.

ஆனால் வால்வு என்றாலே துல்லியம் இல்லை என்று மறுபக்கம் சாய்வதும் தவறு. டென்மார்க்கின் புரூயல் அண்டு கேயர் நிறுவனத்தின் ஆய்வக அளவீட்டு மைக்குகளிலும் தொடக்க காலத்தில் வால்வுகளே இருந்தன. நன்றாக வடிவமைத்த வால்வுச் சுற்று, சாதாரண பேச்சின் அளவில் மிகக் குறைவான திரிபையே சேர்க்கிறது. ‘வால்வின் கதகதப்பு’ என்று புகழப்படுவதில் பெரும் பங்கு, பெரிய படலம் கொண்ட கேப்சூலின் மேல்சுர ஏற்றமும் அருகில் நின்று பாடும்போது கூடும் கீழ்ச்சுரமும்தான். அவை காதுக்கு இனியவை. ஆயினும் பாடியவரின் தொண்டையில் இல்லாதவை.

பழைய படங்களைக் காட்டி வாதிடுபவர்கள் உண்டு. விழுப்புரத்தில் பிறந்த சிவாஜி கணேசனின் ‘பராசக்தி’ (1952) வசனங்களைக் கேட்டுவிட்டு, அந்தக் கம்பீரத்தை அக்கால மைக்கின் கணக்கில் எழுதுகிறார்கள். எந்த மைக் வைத்திருந்தாலும், அந்தக் குரல் திரையரங்குக்குப் போனது படச்சுருளின் ஒளிவழி ஒலித்தடத்தில்தான். அதில் 8,000 ஹெர்ட்சுக்கு மேல் பெரிதாக எதுவும் தேறாது. அக்காலப் படத்தளங்களில் வால்வே இல்லாத ரிப்பன் மைக்குகளும் புழங்கின. நாம் இன்று கேட்பது அந்த நடிகரின் உச்சரிப்பும் மூச்சும். மீதி ஒலித்தடத்தின் குணம்.

இனி நம் பகுதிக்கு வருவோம். செஞ்சி, திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழாவின்போது கூத்து விடிய விடிய நடக்கும். முகவீணையின் கூர்மையான ஒலி, மிருதங்கம், ஆர்மோனியம், தாளம், பின்பாட்டு என எல்லாம் ஒரே களத்தில். வேடம் கட்டியவர் ஓரிடத்தில் நிற்பதில்லை. சுழன்று ஆடிக்கொண்டே பாடுவார். பக்கவாட்டிலிருந்து வரும் ஒலியைப் பெரிய படலம் கொண்ட மைக் நிறம் மாற்றியே பிடிக்கும். வால்வு மைக்குகளில் பெரும்பாலானவை பெரிய படலம் கொண்டவை. இங்கே துல்லியம் கெடுவது வால்வால் அல்ல, படலத்தின் அளவால்.

ஒப்பாரிக்கும் இருளர் பாட்டுக்கும் சிக்கல் வேறு. குடிசைத் திண்ணையில் ஒரு பாட்டி தாழ்ந்த குரலில் பாடுகிறார் என்றால் மைக்கின் சொந்த இரைச்சல் தெரியும். ரோடு நிறுவனத்தின் என்டி1-ஏ என்ற டிரான்சிஸ்டர் மைக்கின் இரைச்சல் 5 டெசிபல். அதே நிறுவனத்தின் என்டிகே என்ற வால்வு மைக்கில் 12 டெசிபல் வரை. இடைவெளி 7 டெசிபல், அதாவது திறனில் ஐந்து மடங்கு. வால்வுக்கு வயதாக ஆக இரைச்சலும் மாறும். இந்த ஆண்டுப் பதிவையும் ஐந்தாண்டு கழித்து எடுப்பதையும் ஒப்பிட விரும்பும் மொழி ஆய்வாளருக்கு இது சிறு குறை அல்ல.

மின்சாரத்தையும் மறக்கக் கூடாது. கையடக்கப் பதிவுக் கருவிகள் பலவும் தரும் 48 வோல்ட் டிரான்சிஸ்டர் மைக்குக்குப் போதும். வால்வு மைக்குக்குத் தனி மின்பெட்டி, தனிக் கம்பி, வீட்டு மின்இணைப்பு எல்லாம் வேண்டும். இழை சூடேறி நிலைபெறும்வரை காத்திருக்கவும் வேண்டும். எங்கள் வீட்டு வால்வு ரேடியோ பேசத் தொடங்குவதற்குள் செய்தியின் முதல் வரி போய்விடும். பாட்டியின் முதல் அடி அப்படிப் போனால் திரும்ப வராது.

திரைப்பாட்டுக்கோ விளம்பரக் குரலுக்கோ ஒலிக்கூடத்தில் வால்வு மைக் வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. அங்கே தேவை அழகு. அந்த மாணவருக்கு நான் சொன்னது இது: சிறு படலம் கொண்ட டிரான்சிஸ்டர் மைக் இரண்டு, காற்றைத் தடுக்கும் உறை, மாற்று பேட்டரி. மிச்சமாகும் பணத்தில் நான்கு ஊர்களுக்குக் கூடுதலாகப் போய்வரலாம்.