உழைப்பு யாருடைய சொல்?

ஈரோட்டிலும் கோவையிலும் எந்தப் புத்தகக் கடைக்குப் போனாலும் வெற்றிபெற்ற தொழிலதிபர்களின் கதைகள் அடுக்கிக் கிடக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரே ஆள்தான். கட்டின துணியோடு வந்தான், உழைத்தான், துணிந்தான், இன்றைக்கு நூறு குடும்பத்துக்குச் சோறு போடுகிறான். தலைமைப் பண்பு என்றால் இதுதான் என்று நம்ம பிள்ளைகளுக்கும் பாடம் நடக்கிறது. இந்தக் கதையைத் தலித்துகள் எப்படி வாசிப்பது?

கதைக்குப் பொருத்தமான ஊர் திருப்பூர். பனியன் கம்பெனியில் கைமடியாகச் சேர்ந்து முதலாளி ஆனவர்கள் அங்கே உண்டு, பொய்யில்லை. இவர்களைப் பற்றி ஷரத் சாரி 2004-இல் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 'ஃபிரெட்டர்னல் கேபிடல்'. அண்ணன் தம்பி மூலதனம் என்று நம்ம வழக்கில் சொல்லலாம். சிறுவிவசாயக் குடும்பத்துக் கவுண்டர்கள் தொழிலாளியாக வேலை பழகி, கூட்டுச் சேர்ந்து, முதலாளிகளாக எழுந்ததை அது விவரிக்கிறது. எப்படி ஜெயித்தீர்கள் என்ற கேள்விக்கு அவர்கள் சொன்ன பதில் 'உழைப்பு'. சாரி அந்தச் சொல்லை அப்படியே ஏற்கவில்லை, தள்ளவுமில்லை. காட்டில் ஆளோடு ஆளாக நின்று வேலை வாங்கிய பழக்கமே கம்பெனியில் வேலை வாங்கும் திறமையாக மாறியது என்று காட்டுகிறார். நூலின் பலம் இதுதான்.

ஆனால் நூலின் மையம் முதலாளியாக எழுந்தவர்கள். நான் கேட்பது, அந்தக் காட்டில் 'ஆளாக' நின்றவன் யார் என்று. கொங்கில் கவலை இறைக்கத் தோல்பறி தைத்துக் கொடுத்தவன் மாதாரி. பறி கிழிந்தால் தண்ணி ஏறாது. தண்ணி ஏறாவிட்டால் வெள்ளாமை கிடையாது. கரண்டு மோட்டார் வந்ததும் பறியும் போச்சு, அவன் தொழிலும் போச்சு. இருந்தாலும் பண்ணையத்தில் அவன் பட்ட பாட்டுக்கு 'உழைப்பு' என்று யாரும் பேர் வைக்கவில்லை. அவன் செய்தது வேலை, இவர் செய்தது உழைப்பு. ஒரே வெயிலில் நின்ற இரண்டு பேரில் ஒருத்தருடைய வியர்வை மட்டும் மூலதனமாக எண்ணப்பட்டிருக்கிறது.

அந்த எண்ணிக்கை நடக்கும் இடம் கடன். நூல் கடனுக்கு வேண்டும், ஆர்டர் நம்பிக்கையில் வர வேண்டும், கூட்டுக்கு ஆள் வேண்டும். "நம்ம பையன்தானுங்க" என்ற ஒரு வார்த்தை அங்கே ஜாமீன் பத்திரம் மாதிரி. அதே கைமடி, அதே தையல், அதே வருசங்கள் கடந்த மாதாரிப் பையனுக்கு அந்த வார்த்தையைச் சொல்ல யார் இருக்கிறார்கள்? தொழில் தெரிந்தவன் தலைவனாவதில்லை. தொழில் தெரிந்தவர்களில் நம்பப்படுகிறவனே தலைவனாகிறான். வெற்றிக் கதைகள் இந்த நம்பிக்கையைக் குணம் என்று எழுதுகின்றன. அது சாதிச் சொத்து.

இன்னொரு தலைமையையும் இக்கதைகள் மறைக்கின்றன. 1984-இல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர்த் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நாலு மாசம் அடுப்பெரியாத வீடுகளைக் கட்டிக் காத்து நிற்பதைவிடப் பெரிய நிர்வாகத் திறமை என்ன இருக்கிறது? அதற்குப் பின் வேலை சிறுசிறு யூனிட்டுகளாக, ஜாப் ஒர்க்காகச் சிதறியது. வெற்றிப் புத்தகம் இதைப் புது முதலாளிகளின் பெருக்கம் என்று எழுதும். தொழிலாளி இதைச் சேர்ந்து நிற்க இடமில்லாமல் போன கதை என்பான். 2011-இல் நொய்யல் மாசுக்காகச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட வேண்டி வந்தது. ஆற்றைக் கேட்டால் அது வேறொரு கணக்குச் சொல்லும்.

இன்று நமக்கும் அழைப்பு வந்திருக்கிறது. தமிழக அரசு 2023-இல் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தைக் கொண்டுவந்தது; முதலீட்டில் 35 சதம் மானியம். வாங்க வேண்டியதுதான், அது நம் உரிமை. ஆனால் மானியம் மெஷின் வாங்கிக் கொடுக்கும், ஆர்டர் வாங்கிக் கொடுக்காது. மெஷினை வாங்கிப் போட்டுவிட்டு ஜாப் ஒர்க்குக்காக அதே வாசலில் போய் நிற்க நேர்ந்தால், பண்ணையத்துக்கு இன்னொரு பேர் கிடைத்தது என்பது தவிர வேறென்ன?

அம்பேத்கர் 1938-இல் மன்மாடு ரயில்வேத் தொழிலாளர் மாநாட்டில் தொழிலாளிக்கு இரண்டு எதிரிகளைச் சுட்டினார்: பார்ப்பனியம், முதலாளித்துவம். அவர் பேரில் தொழில் தொடங்குகிற நம்ம ஆளுக்கு இதுவே அளவுகோல். எத்தனை பேருக்குச் சோறு போட்டாய் என்று கேட்க மாட்டேன். உன் பட்டறையில் கடைசி ஆள் எந்த டம்ளரில் குடிக்கிறான், சனிக்கிழமை கூலியை வாயைத் திறந்து கேட்கிறானா, நாளைக்கு அவன் தனியாகத் தொழில் தொடங்க நூல் கடைக்கு வந்தால் "நம்ம பையன்" என்று நீ சொல்வாயா? தலைமை என்பதை நான் அங்கேதான் பார்ப்பேன்.