நார்கோம்ஃபின்: அடுப்பை வெளியே வைத்த வீடு

மாஸ்கோவின் நோவின்ஸ்கி சாலையருகே, சோவியத் நிதித்துறை அலுவலர்களுக்காக 1928-இல் தொடங்கி 1930-இல் கட்டி முடித்த குடியிருப்பு நார்கோம்ஃபின். வடிவமைத்தவர்கள் மொய்சேய் கின்ஸ்பர்க், இக்னாத்தி மிலீனிஸ். கட்டுமானவாதக் கட்டடக் கலையின் சிகரம் என்று இதைக் கொண்டாடுகிறார்கள். வீடுகளுக்குள் நுழைந்து பார்த்தால் அந்தப் புகழ் பொருந்துகிறது. பொதுச் சமையற்கூடத்துக்கு வந்தால்தான் சிக்கல்.

'எஃப்' வகைச் சிறு வீட்டைப் பாருங்கள். நடைக்கதவைத் திறந்ததும் படிகள். சில வீடுகளுக்கு ஏற வேண்டும், சிலவற்றுக்கு இறங்க வேண்டும். படுக்கையறையும் குளியலறையும் தாழ்ந்த கூரையோடு அடங்கிக்கொள்ள, மிச்சமான உயரமெல்லாம் கூடத்துக்குப் போய்விடுகிறது. காலை வெயில் படுக்கையறையில், மாலை வெயில் கூடத்தில். ஐந்து குடியிருப்புத் தளங்களுக்கு இரண்டே நடைகள். சின்ன வீட்டில் இருப்பவரும் நிமிர்ந்து மூச்சுவிட வேண்டும் என்ற அக்கறை இங்கே ஒவ்வொரு அளவிலும் தெரிகிறது. இதைவிடக் கவனமாக வெட்டிய சிறு வீட்டைக் காண்பது அரிது.

இந்த வீடுகளில் சமையலுக்கு ஒரு மாடம்தான். முழுச் சமையல் மூடிய பாலத்துக்கு அப்பால், பொதுக் கட்டடத்தில்; சலவைக்குத் தனிக் கட்டடம். பெரிய 'கே' வகை வீடுகளுக்கோ தனிச் சமையலறை உண்டு. கூட்டு வாழ்க்கைக்கு யாரையும் பிடித்துத் தள்ளாமல் படிப்படியாக நகர்த்துவது கின்ஸ்பர்க்கின் எண்ணம். அந்த நிதானத்தை மதிக்கிறேன். ஆனால் குடியிருந்தோர் பொதுக்கூடத்தில் சேர்ந்து உண்பதைவிட உணவை வீட்டுக்கு எடுத்துப்போகவே விரும்பினார்கள். தனியே கட்டவிருந்த குழந்தைகள் காப்பகம் எழவே இல்லை. 1930 மே மாதமே, வாழ்க்கை முறையை ஒரே மூச்சில் மாற்றும் திட்டங்களைக் கட்சித் தலைமை கண்டித்துவிட்டது.

அரசியலை மட்டும் குறை சொல்லி நகர முடியாது. பெண்ணின் அடுப்படிச் சுமையை இறக்க வந்த இந்தத் திட்டம், ஆண் அதில் பங்கெடுக்க வேண்டும் என்று கேட்கவில்லை; கூலிக்குச் செய்பவரிடம் வேலையை மாற்றியது, அவ்வளவுதான். சமத்துவமும் மாடி வரை ஏறவில்லை. சோசலிச நகரம் பற்றி நூலே எழுதிய நிதி ஆணையர் நிக்கொலாய் மிலியூத்தினுக்குக் கூரைமேல் தனி வீடு இருந்தது.

பின்னாளில் நெரிசல் கூடியது. தூண்களுக்கிடையே திறந்து கிடந்த தரைத்தளமும் அடைபட்டது. 2020-இல் முடிந்த மீட்பைக் கின்ஸ்பர்க்கின் பேரன் அலெக்சேய் பொறுமையாகச் செய்தார்; தூண்கள் மறுபடி வெளிச்சம் கண்டன. வீடுகள் இப்போது தனியார் சொத்து, விலையோ மிக அதிகம். சிக்கனமான 'எஃப்' வீடு யாருக்குத் தேவையோ அவர்களுக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. மீட்பைப் பாராட்டுகிறவர்கள் இதையும் சேர்த்தே பேச வேண்டும்.