சூடேறிய கிளாஸ்

கொடைக்கானல் பேருந்து நிலையத்தை ஒட்டிய டீக்கடைகளில் காலை வேளையில் என் கண் முதலில் போவது மாஸ்டரின் கைக்குத்தான். பால் ஊற்றுவதற்கு முன்பு பாய்லர் வெந்நீரைக் கிளாஸில் பிடித்து, ஒரு சுழற்று சுழற்றிக் கொட்டுவார். கழுவ மட்டும் அல்ல, கண்ணாடிக்குச் சூடேற்றவும்தான். பனியில் சில்லிட்ட கிளாஸ் என்றால் பாதிச் சூட்டை அதுவே குடித்துவிடும். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுகிறது. அதனால் தூள் இறங்க இன்னும் கொஞ்சம் பொறுமை வேண்டும். நல்ல மாஸ்டர் துணி வடிகட்டியை அவசரப்பட்டுத் தூக்குவதில்லை. ஆற்றுவதிலும் அளவு தெரிந்தவர். சமவெளியில் கை நீள இழுத்து ஆற்றுவது அழகு. இங்கே குட்டையாக ஒரே ஆற்று, சர்க்கரை கரைய, நுரை எழ. 'சர்ர்' என்று அந்தச் சத்தம் கேட்டதுமே குளிரில் விறைத்த விரல்கள் கிளாஸைத் தேடுகின்றன.

காப்பிக்கும் இதே நியாயம்தான். தாண்டிக்குடிச் சரிவில் விளைந்த கொட்டையை வறுத்து அரைத்து இறக்கிய டிகாஷன் மணத்தை டபராவின் அகன்ற வாயில் ஏன் பறக்கவிட வேண்டும்? மலைக்கு வந்தால் ஆற்றாமல், டம்ளரில் மட்டும் கேட்டு வாங்கிக் குடியுங்கள்.