வாழ்த்துரை யாருக்கு?

போன மாசம் திருவொற்றியூர்ல ஒரு சுயமரியாதைத் திருமணம். வாழ்த்திப் பேச பதினோரு பேர். மேடையில் இருக்கிற எல்லாரையும் 'அவர்களே, அவர்களே' என்று விளித்து முடிக்கவே ஒவ்வொருத்தருக்கும் ஐந்து நிமிடம். பாக்கெட்டில் சரக்கைவிட ஹெடர் பெரிசு! மாலையோடு நின்ற பிள்ளைகள் பாவம்.

இந்தப் பேச்சுக்கு ஒரு காலத்தில் உண்மையான வேலை இருந்தது. 1928இல் அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்தில் பெரியார் நடத்தியதைத்தான் முதல் சுயமரியாதைத் திருமணம் என்பார்கள். மந்திரம் எழுந்த இடத்தில் பேச்சு வந்து உட்கார்ந்தது. சட்ட அங்கீகாரம் இல்லாத கல்யாணம் வேறு. ஏன் இப்படி என்று ஊருக்கு விளக்கியாகணும். நீளத்துக்கு நியாயம் இருந்தது.

அண்ணா ஆட்சியில் 1967இல் நிறைவேறிய 7-ஏ பிரிவு அந்தச் சுமையை இறக்கிவிட்டது. உறவினரோ நண்பரோ முன்னிலையில், இருவரும் தங்களுக்குப் புரியும் மொழியில் துணையாக ஏற்பதாகச் சொன்னால் போதும். அல்லது மாலை, மோதிரம், தாலி. வாழ்த்துரை அதில் கிடையாது. 'புரியும் மொழி' நிபந்தனையைப் பேச்சாளர்களுக்கும் வைத்திருக்கலாம்.

அன்றைக்குத் தேறியது ஒண்ணுதான். பெண்ணோட தாய்மாமன், துறைமுகத்தில் வேலை பார்த்தவர். விளிப்பே இல்லை. "மாப்ள, எங்க பாப்பா கோவம் வந்தா சாப்பிடாது. சமாதானம்லாம் பேசாதீங்க. தட்டை எடுத்துட்டுப் போய்ப் பக்கத்துல உக்காருங்க, அது பாட்டுக்குச் சாப்பிடும்." அவ்வளவுதான், மைக்கை வச்சிட்டார். வேறெந்தப் பெண்ணுக்கும் பொருந்தாத பேச்சு. மற்ற பத்தையும் எந்த மண்டபத்திலும் பேசலாம், பேசியும் இருப்பார்கள்.

பெண் அழுதுகொண்டே சிரித்தது. அடுத்தவர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மேடையில் வீற்றிருக்கும்..." என்று ஆரம்பித்தார்.