கவுனுக்குத் தனிக் கூலி

தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரம் என்றதும் வெளியூர்க்காரர்கள் அங்கே அமைக்கத் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். அம்பரப்பர் மலையைக் குடையலாமா கூடாதா என்ற அந்த வழக்கு பெரியது. அதை இன்னொரு நாள் பேசலாம். இப்போது நான் எழுத வந்தது, அந்த மலை தெரியும் திண்ணையில் உட்கார்ந்து என் அக்கா மகள் பின்னி முடித்த ஒரு முயலைப் பற்றி.

ஒரு சாண் உயரம். வெள்ளை உடம்பு, காதின் உள்பக்கம் மட்டும் ரோஸ். மேலே மஞ்சள் கவுன். கவுனின் முதுகில் இரண்டு பட்டன். அதற்குக் கீழே வால் வெளியே வர ஒரு துளை. கழற்றலாம், திரும்ப மாட்டலாம். வாங்க வந்த அம்மா முயலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிடித்துப் போயிற்று. விலையைக் கேட்டதும், "முயலுக்குக் கேளும்மா, தர்றேன். கவுனுக்குமா காசு? அது சும்மா இருக்கும்போது போட்டதுதானே?" என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. ஆனால் இந்தக் கைவேலையின் பலமும் பலவீனமும் அந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கின்றன என்று அன்று முதல் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த முயலைப் பின்னிய குரோஷா, அதாவது கொக்கி ஊசிப் பின்னல், நமக்குப் புதிதில்லை. டிவிக்கு உறை, டெலிபோனுக்கு உறை, வாசலுக்கு உல்லன் நூல் தோரணம் என்று நம் வீடுகளில் ஒரு காலம் முழுக்க இருந்தது. தட்டையாகவே இருந்த அந்தப் பின்னலை உருண்டையாக்கி, உள்ளே பஞ்சடைத்துச் செய்யும் பொம்மையைப் பிரபலமாக்கியவர்கள் ஜப்பானியர்கள். பின்னுவதைக் குறிக்கும் 'அமி'யையும் பஞ்சடைத்த பொம்மையைக் குறிக்கும் 'நுய்குருமி'யையும் சேர்த்து 'அமிகுருமி' என்று பெயர் வைத்தார்கள். இணையம் பரவிய பிறகு அது உலகமெங்கும் போய், நம் ஊர்ப் பெண்களின் கைக்கும் வந்துவிட்டது.

இதன் முதல் சிறப்பு, முழுக்க முழுக்கக் கையால் மட்டுமே ஆவது. ஸ்வெட்டர் பின்ன இயந்திரம் உண்டு. குரோஷாக் கண்ணியைப் போட்டு இப்படி ஒரு பொம்மையைச் செய்து தரும் இயந்திரம் எந்த ஆலையிலும் ஓடவில்லை. எவ்வளவு மலிவாக எந்தக் கடையில் தொங்கினாலும் ஒரு குரோஷா பொம்மைக்குப் பின்னால் ஒருவருடைய விரல்கள் இருக்கின்றன.

இரண்டாவது சிறப்பு கணக்கு. ஆறு கண்ணியில் தொடங்கி, சுற்றுக்கு ஆறாகக் கூட்டிக்கொண்டே போனால் 6, 12, 18, 24, 30, 36 என்று தட்டையான வட்டம் விரியும். கூட்டுவதை நிறுத்தி 36இலேயே எட்டுச் சுற்று போனால் வட்டம் கிண்ணமாகும். அப்புறம் ஆறாறாகக் குறைத்தால் கிண்ணம் வாய் மூடிப் பந்தாகும். முயலின் தலை இதுதான். கூட்டிப் பார்த்தால் தலைக்கு மட்டும் 504 கண்ணிகள். ஒன்றை விட்டாலும் கன்னம் ஒருபக்கம் இழுக்கும். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன பெண்கள், கோளமும் கூம்பும் எப்படி உருவாகின்றன என்பதை விரலால் அறிந்து வைத்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு மரியாதை கூடுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வலக்கைக்காரர் தொடர்ந்து சுற்றிப் பின்னும்போது கண்ணிகள் சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் வலப்பக்கம் சரியும். முதல் சுற்றில் நடுவாக இருந்தது இருபதாவது சுற்றில் நடுவாக இருக்காது. எண்ணிக்கையை மட்டும் நம்பிக் கையையும் காலையும் வைத்துத் தைத்தால் பொம்மை திரும்பி நிற்கும். எங்கே எண்ணிக்கையை விட்டுவிட்டுக் கண்ணை நம்ப வேண்டும் என்று தெரிந்தவரே நல்ல பின்னல்காரி.

இனி உடுப்பு. பஞ்சடைத்த உடம்பைவிட உடுப்பு கடினம். இதைப் பின்னிப் பார்க்காதவர்கள் நம்புவதில்லை. நூலின் பருமன் பொம்மைக்காகச் சுருங்காது. நாம் போடும் சட்டைத் துணி நம் உடம்புக்கு முன் மெல்லிசு; ஒரு சாண் முயலுக்கு உடம்பைப் பின்னிய நூலிலேயே கவுன் பின்னினால் ஜமக்காளத்தைப் போர்த்தியதுபோல் விறைத்து நிற்கும். அதனால் உடம்புக்கு எட்டிழை நூல் என்றால் கவுனுக்கு நாலிழை வேண்டும், ஊசியும் அதற்கேற்ப மெலிய வேண்டும். மெல்லிய நூலில் அதே அகலத்துக்குக் கண்ணிகள் கூடும். அடுத்த சிக்கல் தலை. இந்தப் பொம்மைகளின் அழகே பெரிய தலையும் சிறிய உடம்பும்தான். தலை வழியாகக் கவுன் இறங்காது, காது வேறு தடுக்கும். அதற்காகத்தான் முதுகில் பட்டன். வால் துளையைச் சரியான சுற்றில் விட்டாக வேண்டும். ஒரு சுற்று மேலே போனால் கவுன் பின்னால் தூக்கிக்கொள்ளும். என் அக்கா மகள் அந்த மஞ்சள் கவுனை மூன்று முறை பிரித்துப் போட்டாள். உடம்பை ஒரு முறைகூடப் பிரிக்கவில்லை.

இவ்வளவு பாடு எதற்கு? உடுப்பு இல்லாத முயல் வெறும் முயல். உடுப்பு போட்டதும் அது ஒரு ஆள். பியாட்ரிக்ஸ் பாட்டர் 1902இல் வெளியிட்ட பீட்டர் முயலின் கதை இதை அழகாகக் காட்டும். தோட்டத்தில் அகப்பட்டுக்கொண்ட பீட்டர் நீலச் சட்டையை விட்டுவிட்டுத்தான் தப்புகிறான். சட்டை போனதும் உயிருக்கு ஓடும் வெறும் முயலாகிவிடுகிறான். அடுத்த ஆண்டே பாட்டர் அந்த முயலைப் பொம்மையாகவும் செய்து பதிவு செய்துவைத்தார். நமக்கும் இது தெரியாத சங்கதியில்லை. கொலுவில் நிற்கும் மரப்பாச்சி கட்டைதான். வீட்டுப் பெண்கள் பட்டுத் துணி சுற்றி, ஜரிகை ஒட்டி, நெற்றியில் பொட்டு வைத்த பிறகே ராஜாவும் ராணியுமாகிறது. பொம்மைக்கு உடுத்திப் பார்ப்பது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக நடந்து வந்த விளையாட்டு.

அப்படியிருக்க, நம் பெண்கள் பின்னுவதெல்லாம் ஏன் பாண்டா, நரி, ஸ்கார்ப் கட்டிய பனிக்கரடியாகவே இருக்கின்றன? இதை முக்கியமான குறையாகச் சொல்வேன். காசு கொடுத்தோ இலவசமாகவோ இறக்கிக்கொள்ளும் வெளிநாட்டு மாதிரிகளைக் கண்ணிக்குக் கண்ணி அப்படியே போடுகிறார்கள். கற்றுக்கொள்கிற காலத்தில் அது சரி. ஐந்து வருடம் கழித்தும் அதிலேயே நின்றால் கை தேர்ந்திருக்கும், கண் திறந்திருக்காது. மாதிரி ஒருவருடைய உழைப்பு என்பதும், பெயர் சொல்லாமல் எடுத்து விற்பது தவறு என்பதும் இந்த வட்டாரத்தில் பேசப்படுவதே இல்லை.

இந்தப் பக்கத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் உடுப்புப் போட்ட மிருகங்களுக்கா பஞ்சம்? செம்மண் நிறத்தில் வெள்ளைத் திட்டுகளோடு இறங்கி வரும் மலைமாடு இருக்கிறது. மாட்டுப் பொங்கலன்று அதன் கழுத்தில் சலங்கை, நெற்றியில் பட்டம், முதுகில் துண்டு. கம்பம் நந்தகோபாலன் தம்பிரான் மாட்டுத்தொழுவில் அன்றைக்கு மாட்டையே சாமியாகக் கும்பிடுகிறார்கள். வண்ண வண்ணத் துணி போர்த்தி வரும் பூம்பூம் மாடு இருக்கிறது. அந்தப் போர்வையின் ஒட்டுத்துணிக் கட்டங்களைக் குரோஷாவில் எடுத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மேகமலைக்குப் போனால் பிடரி சிலிர்த்த சோலைமந்தி. அந்தப் பிடரிக்கு நூலை வெட்டி வெட்டிக் கோத்துச் சீவிவிட வேண்டும், பெரிய வேலைதான். ஆனால் அப்படி ஒன்று வந்தால், இது எந்த ஊர்ப் பொம்மை என்று யாரும் கேட்க வேண்டியிருக்காது.

உள்ளே அடைப்பதிலும் ஊர் இருக்கிறது. பொட்டிப்புரத்துக்குப் பக்கத்திலிருக்கும் போடி இலவம்பஞ்சுக்குப் பேர்போனது. ஆனால் பொம்மைகளுக்குள் போவது பாக்கெட்டில் வரும் பாலியஸ்டர் பஞ்சு. உள்ளூர்ப் பஞ்சு இருக்க இது எதற்கு என்று நானும் கோபப்பட்டதுண்டு. அடைத்துப் பார்த்த பிறகு கோபம் பாதியாகக் குறைந்தது. இலவம்பஞ்சு லேசானது, தண்ணீர் குடிக்காது, தொட்டால் பட்டு மாதிரி. ஆனால் இழை மிக நுண்மை. கண்ணிகளின் சந்து வழியாகப் பொடிப்பொடியாகப் பறக்கும். துவைத்துக் காய்ந்தால் கட்டி தட்டும். மெல்லிய மல் துணியில் பை தைத்து அதற்குள் அடைத்தால் பறப்பது நிற்கும், கட்டி தட்டுவது நிற்காது. அலமாரியில் வைக்கும் பொம்மைக்கு இலவம்பஞ்சு, குழந்தை கடித்துப் புரட்டும் பொம்மைக்குத் துவைக்கத் தாங்கும் பஞ்சு என்பதே நியாயமான ஏற்பாடு.

குழந்தை என்று வந்துவிட்டால் தயவு தாட்சண்யம் பார்க்கக் கூடாது. கறுப்புப் பிளாஸ்டிக் கண்களும் உடுப்பின் பட்டன்களும் மூன்று வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளையின் தொண்டையில் சிக்கக்கூடியவை. பின்னால் வாஷர் போட்டு இறுக்கிய கண்ணுக்குப் 'பாதுகாப்புக் கண்' என்றுதான் பெயர். கண்ணி தளர்ந்தால் வாஷரோடு சேர்ந்து வெளியே வரும். கைக்குழந்தைக்கான பொம்மைக்குக் கண்ணை நூலால்தான் தைக்க வேண்டும், பட்டனுக்குப் பதில் முடிச்சுக் கயிறும் வேண்டாம், உடுப்பை உடம்போடு சேர்த்துத் தைத்துவிட வேண்டும். 2021 ஜனவரி முதல் இந்தியாவில் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். மத்திய அரசின் கைவினை ஆணையரகத்தில் பதிவு செய்த கைவினைஞர்கள் செய்து விற்பவற்றுக்கு விலக்கு உண்டு. வீட்டில் பின்னி விற்கும் பல பெண்கள் அந்தப் பதிவுக்கான கைவினைஞர் அட்டையை வாங்கி வைப்பதில்லை. வாங்க வேண்டும். விலக்கு இருப்பதாலேயே பொறுப்பு இல்லையென்று ஆகாது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

இனி அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். 'சும்மா இருக்கும்போது போட்டது.' இதே சொல் ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டத்து நரசாபுரத்தில் ஒரு தொழிலையே ஆண்டிருக்கிறது. மிஷனரிகள் 19ஆம் நூற்றாண்டில் அங்கே குரோஷா லேஸைக் கற்றுக்கொடுத்தார்கள். அது வெளிநாட்டுக்குப் போகும் சரக்காக வளர்ந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் வீட்டிலிருந்தே பின்னினார்கள். ஜெர்மனியச் சமூகவியலாளர் மரியா மீஸ் அங்கே தங்கி ஆராய்ந்து 1982இல் நூலாக வெளியிட்டார். வெளிவேலைக்குப் போகாமல் வீட்டுக்குள் இருப்பதைக் குடும்பம் மரியாதையாக நினைத்தது. அந்த மரியாதையே பெண்களைத் தொழிலாளி என்ற கணக்கிலிருந்து வெளியே தள்ளிவிட்டது. ஒரு நாளில் பல மணி நேரம் பின்னினாலும் அவர்கள் 'இல்லத்தரசிகள்', வேலை 'ஓய்வுநேரப் பொழுதுபோக்கு'. கூலி அதற்குத் தக்கபடி. லாபம் இடைத்தரகருக்கும் ஏற்றுமதியாளருக்கும். நரசாபுரம் குரோஷாவுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் குறியீடு ஊரின் பெயரைக் காக்கும், கூலியைக் காக்காது.

நம் பக்கம் சென்னையில் 'மதர் இந்தியா குரோஷே க்வீன்ஸ்' குழுவினர் 2016இல் 11,148.5 சதுர மீட்டர் போர்வை பின்னிக் கின்னஸ் சாதனை செய்தார்கள். இத்தனை பெண்கள் இந்தக் கலையில் இருக்கிறார்கள் என்று ஊருக்கு எடுத்துக்காட்டியதற்காக அதை மதிக்கிறேன். ஆனால் சாதனை எண்ணிக்கையைக் கொண்டாடுகிறது, எண்ணிக்கையில் ஒரு கையின் நேரம் தெரிவதில்லை.

நேரத்தை எண்ணிப் பார்ப்போம். அந்த முயலுக்கு உடம்பு ஏழு மணி நேரம், கவுன் ஐந்து மணி நேரம். பிரித்துப் போட்டதைச் சேர்க்கவில்லை. மொத்தம் 12 மணி நேரம், அதாவது ஒன்றரை நாள் வேலை. நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2025-26இல் நிர்ணயித்த நாள்கூலி 336 ரூபாய். அந்தக் கணக்கில் கைக்கூலி மட்டும் 504 ரூபாய் ஆகிறது. அதில் கவுனுக்கு 210. நூல், பஞ்சு, கண், பட்டன் எல்லாம் அதற்கு மேல். மண் வெட்டும் கூலிக்குச் சமமாகத்தான் கேட்கிறோம், தேர்ந்த கைவேலைக்கு உரிய கூலியைக்கூடக் கேட்கவில்லை. இந்த விலைக்கு எல்லோரும் வாங்க மாட்டார்கள் என்பது உண்மை. ஆலையில் செய்த பஞ்சு பொம்மையோடு இது விலையில் போட்டி போடவே முடியாது. போடப் போனால் முதலில் காணாமல் போவது உடுப்புதான். கழற்றி மாட்டும் கவுன் போய், கழுத்தில் ஒரு ரிப்பன் மட்டும் மிஞ்சும். பல பொம்மைகளில் ஏற்கெனவே அப்படித்தான் ஆகியிருக்கிறது.

பின்னி விற்கும் தங்கைகளுக்கும் அக்காக்களுக்கும் ஒரு வேண்டுகோள். விலை எழுதும்போது மொத்தமாக ஒரு தொகை போடாதீர்கள். உடம்பு இத்தனை மணி நேரம், இவ்வளவு. உடுப்பு இத்தனை மணி நேரம், இவ்வளவு என்று இரண்டு வரியாக எழுதுங்கள். வாங்க வருகிறவர் அந்த இரண்டாவது வரியைப் படிக்கட்டும்.