சுடத் தெரியாத துப்பாக்கிகள்

டெக்ஸஸில் ஒரு வீட்டின் கார் கொட்டகை. காருக்கு அங்கே இடமில்லை. தோலும் பசையும் தேன்மெழுகும் கலந்த வாசனை முழு இடத்தையும் பிடித்துக்கொண்டிருந்தது. பணி ஓய்வுக்குப் பிறகு துப்பாக்கி உறை தைக்கும் தொழிலில் இறங்கிய அந்த வீட்டுக்காரர், மேசைக்கு அடியில் இருந்த இழுப்பறையை இழுத்தார். உள்ளே 20, 25 கைத்துப்பாக்கிகள், கூடையில் வாழைக்காய் கிடப்பதுபோல் ஒன்றின்மேல் ஒன்றாக. எல்லாம் பளீர் நீலம். ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். விசையை அழுத்திப் பார்த்தேன். அசையவில்லை. குழலில் துளையில்லை, தோட்டாவுக்கு அறையில்லை. முழுவதும் ஒரே வார்ப்பு.

"இதை வைத்து ஒரு கொசுவைக்கூடச் சுட முடியாது. ஆனால் ஒரு மில்லிமீட்டர் தப்பாக இருந்தால் என் பிழைப்பைச் சுட்டுவிடும்" என்றார்.

துப்பாக்கி மேல் எனக்கு மோகம் எதுவும் கிடையாது. எனக்குத் தெரிந்த துப்பாக்கி உறைகள் இரண்டே வகை. ஒன்று ஜெய்சங்கர் இடுப்பில் தொங்கியது, இன்னொன்று லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் அணிந்தது. அங்கெல்லாம் நாம் உறையைப் பார்ப்பதில்லை, கை எவ்வளவு வேகமாகப் போய் வருகிறது என்றுதான் பார்ப்போம். அன்று அந்தக் கொட்டகையில்தான் முதல்முறையாக உறையைப் பார்த்தேன். கூடவே, உறைக்குள் சிறிது நேரம் உட்கார்ந்து அதற்கு உருவத்தைக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடும் இந்த நீலப் பொம்மையையும்.

சினிமாவில் பார்த்த கௌபாய் உறைக்கு இந்தப் பொம்மை பெரிதாகத் தேவைப்பட்டதில்லை. 19ஆம் நூற்றாண்டில் புழங்கிய 'மெக்ஸிகன் லூப்' உறை ஒரே தோல் துண்டில் வெட்டியது. பின்பக்கத் தோலை மடக்கி, அதில் கீறிய வளையங்களுக்குள் பையைச் செருகிவிடுவார்கள். ஆழமான பை. துப்பாக்கி தன் கனத்திலேயே அதற்குள் உட்கார்ந்திருக்கும். ஹாலிவுட் அதை இன்னும் மாற்றியது. ஆர்வோ ஒஜாலா என்பவர் இரண்டு தோல்களுக்கு நடுவே உலோகத் தகடு வைத்துத் தைத்தார். தோல் துப்பாக்கியைக் கவ்வாமல் விறைப்பாக விலகி நின்றது, உறைக்குள் இருக்கும்போதே ரிவால்வரின் உருளை தடையில்லாமல் சுழன்றது. நடிகர்களுக்குத் துப்பாக்கி உருவக் கற்றுக்கொடுத்தவரும் அவரே. 'கன்ஸ்மோக்' தொலைக்காட்சித் தொடரின் தொடக்கக் காட்சியில் மார்ஷலிடம் தோற்று விழுபவர் அவர்தான். வாத்தியார் தோற்க வேண்டும் என்பது சினிமா நியாயம்.

நிலைமையை மாற்றியது சட்டைக்கடியில் துப்பாக்கியை மறைத்து வைக்க வேண்டியிருந்த சாதா உடைக் காவலர்கள். அவர்களுக்கு உறை மெலிதாக, உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும். ஓடினாலும் குனிந்தாலும் துப்பாக்கி விழக் கூடாது. அதே சமயம் வார், பொத்தான் என்று எதையும் அவிழ்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. பிடிப்பு முழுவதையும் உருவமே தர வேண்டும். தோல் துப்பாக்கியின் மேடுபள்ளங்களை மனப்பாடம் செய்துகொண்டால்தான் அது நடக்கும்.

எல்லாத் தோலும் மனப்பாடம் செய்யாது. குரோமியத்தில் பதனிட்ட தோல் மிருதுவானது, ஆனால் ஞாபகசக்தி குறைவு. அழுத்தினால் வளையும், விட்டால் பழையபடி ஆகிவிடும். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல் அப்படியல்ல. நனைத்து அழுத்திக் காயவிட்டால் அந்த உருவத்திலேயே இறுகிவிடும். நம் ஊரில் ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்டு 'ஈஸ்ட் இந்தியா' என்ற பெயரில் சீமைக்கு ஏற்றுமதியான தோலும் இந்தச் சாதிதான். அமெரிக்க உறைக்காரர்கள் செயின்ட் லூயிஸ் நகரில் 1881 முதல் இயங்கும் ஹெர்மன் ஓக் பதனிடும் ஆலையின் மாட்டுத்தோலைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறார்கள். தடிமனை அவுன்ஸில் சொல்வார்கள். ஒரு அவுன்ஸ் என்றால் அங்குலத்தில் 64இல் ஒரு பங்கு. உறைக்கு 7 முதல் 9 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்.

சரி, நிஜத் துப்பாக்கியையே உள்ளே வைத்து அழுத்தினால் என்ன? நானும் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் ஒரு பழைய உறையை எடுத்துக் காட்டினார். தேன் நிறத் தோலில், சரியாகத் துப்பாக்கியின் மேல்பகுதியான ஸ்லைடு உட்காரும் இடத்தில், கரிக்கோடு இழுத்ததுபோல் ஒரு கறை. கடுக்காய்த் தண்ணீரில் துருப்பிடித்த ஆணியை ஊறப்போட்டால் மை கறுக்கும் அல்லவா, அதே விவகாரம். பட்டைச் சாற்றில் இருக்கும் டானின் இரும்பைத் தொட்டால் கறுப்பாகிவிடும். ஈரத் தோலுக்குள் எஃகை வைத்தால் துப்பாக்கியும் துருப்பிடிக்கும், தோலும் கறைபடும். பிளாஸ்டிக் உறை சுற்றி வைக்கலாம். ஆனால் சுற்றிய மாத்திரத்தில் விளிம்புகள் மழுங்கிவிடும். அடிப்பதும் அழுத்துவதுமாக இருக்கும் பட்டறையில் நிஜ ஆயுதம் நாள் முழுக்கப் புழங்குவது நல்லதும் அல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக, வாடிக்கையாளர் கேட்கும் ஒவ்வொரு துப்பாக்கியையும் வாங்கி வைக்க எந்த உறைக்காரருக்கும் கட்டுப்படியாகாது.

ஆகவே போலிகளைத் தேடிப் போகிறார்கள். அந்தத் தேடலே தனி ரசனை.

முதலில் கைக்கு வருவது இந்த நீலங்கள். ஃப்ளோரிடாவின் மெல்போர்ன் ஊரில் இருக்கும் ரிங்ஸ் நிறுவனத்தின் 'ப்ளூகன்ஸ்'. உள்ளே எஃகு வைத்து மேலே பாலியுரித்தேனில் வார்த்தவை. காவலர் பயிற்சியில் ஒருவர் கையிலிருந்து ஒருவர் பிடுங்கிப் பழகுவதற்காகப் பிறந்தவை இவை. தூரத்திலிருந்து பார்த்தாலும் நிஜமல்ல என்று தெரியத்தான் அந்த நிறம். விஸ்கான்சினில் ஏஎஸ்பி நிறுவனம் இதே காரியத்துக்குச் சிவப்பில் செய்கிறது. உறைக்காரர்கள் காவலர்களிடமிருந்து இந்த யோசனையைச் சுட்டுக்கொண்டார்கள் என்று சொல்லலாம்.

பழைய ரிவால்வர் வேண்டுமென்றால் ஸ்பெயினின் மெனோர்க்கா தீவுக்குப் போக வேண்டும். அங்கே டெனிக்ஸ் நிறுவனம் சரித்திரத் துப்பாக்கிகளின் சுடாத பிரதிகளைத் துத்தநாகக் கலவையில் வார்க்கிறது. கையில் கனம் சரியாக இருக்கும், சுவரில் மாட்டினால் அழகு. ஆனால் அலங்காரப் பொருளை அளவுகோல் என்று நம்பிவிடக் கூடாது, வெர்னியர் வைத்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ஜப்பானிய மாடல் துப்பாக்கிகள் நுணுக்கத்தில் பேர்போனவை. 1971இல் அந்நாட்டுச் சட்டம், உலோகத்தில் செய்த மாடல் கைத்துப்பாக்கிகளுக்கு வெள்ளை அல்லது மஞ்சள் நிறம் இருக்க வேண்டும், குழல் அடைபட்டிருக்க வேண்டும் என்றது. சேகரிப்பவர்களுக்கு அது வருத்தம். உறைக்காரருக்கு நிறம் ஒரு பொருட்டா?

ஏர்சாஃப்ட் பொம்மைத் துப்பாக்கியில்தான் நம் கொட்டகைக்காரர் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டார். பார்க்க அச்சு அசல். அதை வைத்து உறை செய்து அனுப்பினார். நான்காம் நாள் உறை திரும்பி வந்தது, நிஜத் துப்பாக்கி பாதி வழியிலேயே நின்றுவிட்டதாம். பொம்மைக்காரருக்கு உள்ளே பேட்டரியும் ஸ்பிரிங்கும் அடங்க வேண்டும், கண்ணுக்குச் சரியாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. அலுமினியத்தில் வார்த்த போலியிலும் கண்ணி உண்டு. அலுமினியம் உறைந்து ஆறும்போது நூற்றுக்கு ஒன்றேகால் பங்கு போலச் சுருங்கும். 1911 வகைக் கோல்ட் கைத்துப்பாக்கி 216 மில்லிமீட்டர் நீளம். அந்தச் சுருக்கத்தைக் கணக்கில் எடுக்காமல் நிஜத்திலிருந்து அச்செடுத்து வார்த்தவர், கிட்டத்தட்ட மூன்று மில்லிமீட்டர் குட்டையான துப்பாக்கியை விற்றுவிடுவார்.

தேர்ந்த கைகளுக்கு வாங்கும் வரிசையும் தெரியும். க்ளாக் 19, 23, 32 மூன்றுக்கும் தோட்டாதான் வேறு, வெளியுருவம் ஒன்று. ஒரு நீலம் வாங்கினால் மூன்று வாடிக்கையாளருக்கு ஆகும். 1911 வகையில் முதலில் 5 அங்குலக் குழலை வாங்கு, குட்டையானது நீண்ட உறைக்குள் அடங்கும், நீண்டது குட்டைக்குள் அடங்காது. கிடைக்காத மாடலைச் சக தொழிலாளியிடம் தபாலில் இரவல் வாங்கிக்கொள்வதும் உண்டு. "கத்தரிக்கோலைக்கூட இரவல் தர மாட்டேன், ஆனால் துப்பாக்கி தருவேன்" என்று சிரித்தார்.

இவ்வளவு பாடுபட்டு அச்சு அசலான போலியைத் தேடிப் பிடித்த பிறகு, அவர் செய்த முதல் காரியம் என்னைத் திகைக்க வைத்தது. அதைக் கெடுத்தார்.

மெல்லிய மரக்குச்சி ஒன்றை எடுத்து, நீலத் துப்பாக்கியின் முதுகில், முன்முனையில் நிற்கும் குறிமுனைக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே நீளவாக்கில் வைத்து டேப் ஒட்டினார். இல்லாத ஒரு மேடு அங்கே முளைத்தது. தோட்டா ஓடு தெறித்து வெளியேறும் ஜன்னலை அட்டைத் துண்டால் பாதி தூர்த்தார். விசையைச் சுற்றிய வளையத்தின் உள்வெளியை அடைத்தார். பக்கவாட்டில் இருந்த பாதுகாப்பு நெம்புகோலின் மேல் சின்னத் தோல் துண்டு ஒன்றை ஒட்டி அதைத் தடிப்பாக்கினார்.

ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. அசலை அப்படியே அச்செடுத்தால், உருவும் ஒவ்வொரு முறையும் குறிமுனை தோலைச் சீவிக்கொண்டே வரும். குச்சி விட்டுப்போகும் தடம் அதற்கான வாய்க்கால். ஜன்னலுக்குள் தோல் ஆழமாக இறங்கிவிட்டால் துப்பாக்கி வெளியே வராது. கொஞ்சமாக இறங்கினால் போதும், அதுவே பிடிப்பு. விசைப்பக்கம் தோல் உள்ளே போகவே கூடாது, அது உயிர் விஷயம். நெம்புகோலைத் தோல் தானாகத் தள்ளிவிடக் கூடாது, அதற்கு இடம் விட வேண்டும். போலி அசலுக்கு உண்மையாக இருக்க வேண்டும். உறையோ, அசல் எப்படி நகரும் என்பதற்கு உண்மையாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே எங்கே, எவ்வளவு பொய் சொல்வது என்பதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. எனக்கு இந்தக் கலையின் ருசி பிடிபட்டது அந்த மரக்குச்சியில்தான்.

பிறகு தோல். தைத்து முடித்திருந்த உறையை வெதுவெதுப்பான தண்ணீரில் சில விநாடிகள் முக்கி எடுத்தார். உடனே தொடவில்லை. கறுத்த தோல் மெல்லப் பழைய நிறத்துக்குத் திரும்பத் தொடங்கும் வரை காத்திருந்தார். அதிக ஈரமானால் கோடு நிற்காது, காய்ந்துவிட்டால் தோல் இழுபடாது. நீலத்தை உள்ளே தள்ளினார். காலுக்கு ஒரு எண் சின்னதான ஷூவுக்குள் குதிகால் இறங்கும் சத்தம். ரப்பர் தகட்டுக்கு அடியில் வைத்து அழுத்தி எடுத்ததும், தோலில் மங்கலாக ஒரு துப்பாக்கி தெரிந்தது, போர்வைக்குள் படுத்திருக்கும் ஆள் மாதிரி.

அப்போதுதான் அவருடைய விரல்களைக் கவனித்தேன். நகங்களை ஒட்ட வெட்டியிருந்தார், மோதிரம் இல்லை. ஈரத் தோலில் நகம் பட்டால் அந்தப் பிறைத் தழும்பு உறையின் ஆயுள் வரைக்கும் இருக்கும். வழவழப்பாகத் தேய்த்த எலும்புத் துண்டு ஒன்றால் வளையத்தின் விளிம்பை, ஜன்னலின் மூலையை, ஸ்லைடின் அடிக்கோட்டைத் தேய்த்துத் தேய்த்து எழுப்பினார். அழுத்தம் கூடினால் தோல் பளபளத்துக் கறுக்கும், குறைந்தால் கோடு காய்ந்ததும் மறையும். எல்லாக் கோட்டையும் கூர்மையாக எழுப்புவது புதியவர்களின் ஆசை என்றார். பிடிப்பு தேவைப்படும் இடத்தில் மட்டும் கூர்மை, மற்ற இடத்தில் வெறும் நிழல் போதும்.

சூடு 60 டிகிரியைத் தாண்டாத பெட்டியில், மின்விசிறிக் காற்றில் காயவைத்தார். அதற்கு மேல் போனால் தோல் சுருங்கி முறுகிவிடுமாம். மறுநாள் போனேன். விரலால் சுண்டினால் கொட்டாங்கச்சிச் சத்தம். நீலத் துப்பாக்கியைச் செருகித் தலைகீழாகக் கவிழ்த்து உதறினார். விழவில்லை. உருவினார். 'டிக்' என்று ஒரே ஒரு சத்தம், விசை வளையம் தோலின் பிடியை விட்டு வெளியேறும் சத்தம். அந்த ஒலிக்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

உறையைப் பெட்டியில் வைத்து, வேறொரு மாநிலத்து விலாசத்தை எழுதினார். அங்கே காத்திருக்கும் நிஜத் துப்பாக்கியை அவர் பார்த்ததில்லை, பார்க்கப்போவதும் இல்லை. உறையும் பார்த்ததில்லை. ஆனால் அதன் ஒவ்வொரு வளைவும் உறைக்குத் தெரியும்.

நீலத்தின் முதுகிலிருந்து டேப்பை உரித்தார். குச்சியை அடுத்த வேலைக்கென்று காதில் செருகிக்கொண்டார். துப்பாக்கியைத் துணியால் துடைத்து இழுப்பறையில் போட்டார். மற்றவற்றின் மேல் விழுந்து அது வெறும் பிளாஸ்டிக் சத்தம் போட்டது.