சிம்புக்குச்சிக்குக் காது கொடுங்கள்

அத்திப்பட்டில் குடியிருப்பவர்களுக்கு மௌனம் பழக்கமில்லை. அனல்மின் நிலையத்தின் இரைச்சல் இரவும் பகலும் சுருதிப்பெட்டி மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கு மேலே காமராஜர் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள், கும்மிடிப்பூண்டி மின்ரயில், சாம்பல் ஏற்றிய வண்டிகள். இத்தனையையும் மீறி ஒரு தெரு முழுக்கக் கேட்கும் வாத்தியம் எங்கள் பக்கத்தில் பறைதான். மீஞ்சூரிலிருந்து ராயபுரம் வரைக்கும் சாவு ஊர்வலம் என்றால் பறையும் சட்டி மேளமும் டோலும் வரும். ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றினாலும் வரும். அடிப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பெண்கள் வாசலோடு நின்றுவிடுவார்கள்.

இந்தச் சத்தத்திலேயே வளர்ந்த காது திண்டுக்கல் சக்தி கலைக்குழுவைக் கேட்கும்போது கொஞ்சம் தடுமாறும். அதே தோல், அதே குச்சி. அடிப்பது மட்டும் பதினாறு, பதினேழு வயதுப் பெண்கள். 1990-இல் கத்தோலிக்கத் துறவியான சகோதரி சந்திரா தொடங்கிய மையம் அது. பாதியில் படிப்பை விட்ட தலித் பெண்களைத் தங்கவைத்துப் பறையும் மற்ற நாட்டுப்புற ஆட்டங்களும் சொல்லித் தருகிறார்கள். கூடவே தையல் போன்ற கைத்தொழிலும் உண்டு. அமெரிக்க இசை ஆய்வாளர் ஸோயி ஷெரினியன் இவர்களைப் பற்றி ‘சக்தி வைப்ரேஷன்ஸ்’ என்று ஒரு ஆவணப்படமே எடுத்திருக்கிறார்.

இவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பொதுவாக இந்த இடத்தில் கண் கலங்கிவிடுவார்கள். ‘விளிம்புநிலைப் பெண்கள், விடுதலை, எழுச்சி’ என்று போகும். எல்லாம் உண்மைதான். ஆனால் கச்சேரிக்குப் போய்விட்டு வந்து, பாடகியின் குடும்பக் கஷ்டத்தை மட்டும் பேசுகிறவரை நாம் ரசிகர் என்று சொல்வோமா? இந்தப் பெண்கள் நன்றாக வாசிக்கிறார்கள். எப்படி நன்றாக வாசிக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பேச வேண்டிய விஷயம்.

பறைக்கு இரண்டு குச்சி. வலது கையில் கட்டையான, குட்டையான அடிக்குச்சி. இடது கையில் மெல்லிய, நீளமான மூங்கில் சிம்புக்குச்சி. அடிக்குச்சி தோலின் நடுவில் விழுந்தால் வயிற்றில் கேட்கும் ஒரு கனத்த ஓசை. சிம்புக்குச்சி தன் நீளம் முழுவதும் தோலில் படிந்து அறைந்தால் சுளீர் என்று ஒரு வெட்டு. இரண்டும் ஒன்றாக விழுவது மூன்றாவது. இந்த மூன்றை வைத்துக்கொண்டுதான் சாமிச்சாட்டு அடி, சப்பரத்து அடி, டப்பா அடி, மாரடிப்பு அடி என்று அத்தனையும் கட்டப்பட்டிருக்கிறது. சினிமா அடி என்றும் ஒன்று உண்டு. அதைக் கேட்டு மூக்கைச் சுளிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஊர் எதைக் கேட்கிறதோ அதைத் திருப்பிக் கொடுப்பதும் பறையின் வேலைதான்.

ஒரு பறைக் குழு தேர்ந்ததா இல்லையா என்று கண்டுபிடிக்கச் சிம்புக்குச்சியைக் கேட்டால் போதும். பத்துப் பதினைந்து பேர் அடிக்கும்போது அடிக்குச்சி ஒரு நூல் முன்பின்னாக விழுந்தாலும் பாதகமில்லை. அந்தக் கனத்த ஓசை ஒன்றோடொன்று கரைந்து இன்னும் பெரிதாகத்தான் கேட்கும். சிம்புக்குச்சி அப்படி மன்னிக்காது. கொஞ்சம் பிசகினாலும் சரளைக்கல் கொட்டின மாதிரி சிதறிவிடும். சக்தி குழுவின் சிறப்பே அந்த ஒற்றை வெட்டுதான். வேகம் இரட்டிக்கும்போதும் அது மழுங்குவதில்லை. பழகின ஆண் குழுக்களில்கூட வேகம் ஏறும்போது சிம்பைக் கைவிட்டு அடியை மட்டும் நம்பி ஓடுவதைக் கேட்டிருக்கிறேன். சத்தம் பெரிதாகும், தாளம் சிறுத்துவிடும்.

அடுத்தது கால். பறையை உட்கார்ந்து வாசிக்க முடியாது. இடது தோளில் வாரைப் போட்டு, சட்டத்தை உடம்போடு அணைத்து, நின்றுகொண்டேதான் அடிக்க வேண்டும். குனிந்தால் தோலின் சாய்மானம் மாறும்; சுழன்றால் பறை உடம்பை விட்டு விலகப் பார்க்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் இடது மணிக்கட்டு அதைக் கணக்குப் பார்த்துச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். ஆகையால் ஆட்டம் தனி, அடி தனி என்று இரண்டு பாடமாகப் பிரித்துச் சொல்லித் தர முடியாது. கால் அகற்றி நிற்கத் தெரியாத பெண்ணுக்குக் கை வராது. ‘அடக்கமாக நில், காலைச் சேர்த்து வை’ என்று பத்து வயதிலிருந்து சொல்லியே வளர்க்கப்பட்ட உடம்பு முதலில் மறக்க வேண்டியது அதைத்தான். அவர்கள் எம்பிக் குதித்துத் தரையில் இறங்கும் கணத்தில் சலங்கையும் சிம்பும் ஒன்றாக விழும்போது, தரையும் ஒரு வாத்தியமாகச் சேர்ந்துகொள்கிறது. மேடையின் மரப்பலகையைவிட மண் தரையில் அது இன்னும் நன்றாக இருக்கும் என்பது என் கட்சி.

தோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். வட்டமான மரச்சட்டத்தில் மாட்டுத்தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டுகிறார்கள். முறுக்காணி கிடையாது, வார்க்கட்டு கிடையாது. சுருதி சேர்க்க ஒரே வழி நெருப்பு. தோல் ஈரத்தை இழுத்தால் தளரும்; தீயில் காட்டினால் ஈரம் போய் இறுகும். திண்டுக்கல் வறண்ட ஊர், ஒரு தடவை காய்ச்சினால் நின்று பேசும். எண்ணூர்க் கழிமுகத்தின் காற்று அடிக்கும் எங்கள் ஊரில் ஆட்டம் பாதியிலேயே பறை மந்தமாகிவிடும். வைக்கோலோ பழைய பேப்பரோ கொளுத்தி மறுபடி காட்ட வேண்டும். எல்லாப் பறையும் ஒரே அளவு சூடேறினால்தான் குழு ஒரே குரலில் பேசும். இந்தத் தொல்லைக்கு அஞ்சிப் பலர் இப்போது பிளாஸ்டிக் தோலுக்குப் போய்விட்டார்கள். மழைக்கும் பனிக்கும் அது அசையாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காய்ச்சி முடித்த முதல் ஐந்து நிமிடம் தோல் பேசுகிற அந்த வெண்கலக் குரல் அதில் வராது.

அந்த மாட்டுத்தோலைக் காரணம் காட்டித்தான் பறையைத் தீட்டு என்றார்கள். சாவுக்கு அடிப்பதைச் சாதிக் கடமையாகச் சுமத்தினார்கள். இனி அடிக்கமாட்டோம் என்று பறையைத் தூக்கி எறிந்த தலித் மக்கள் உண்டு. இது எங்கள் கலை என்று மேடைக்குக் கொண்டுவந்தவர்களும் உண்டு. எறிந்தவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. என் காது மேடைக்குக் கொண்டுவந்தவர்கள் பக்கம். தொல்காப்பியர் நிலத்துக்கு நிலம் கருப்பொருளில் வைத்த பறைக்கு, மதுரைப் பக்கத்து அலங்காநல்லூரின் பறைக் கலைஞர் வேலு ஆசான் வழியாக 2025-இல்தான் பத்மஸ்ரீ வந்தது. தமிழ்நாட்டு மாவட்ட அரசு இசைப்பள்ளிகளின் பாடப்பட்டியலில் குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் இருக்கின்றன. சாவு வீட்டுக்கும் சாமிக்கும் வேண்டிய வாத்தியம் அந்த ஏழில் இல்லை.

இளம்பெண்களைத் தொழில்முறை இசைக்குப் பழக்கிய இடம் என்றால் உலகம் வெனிஸைத்தான் சொல்லும். அங்கே பியத்தா என்ற அநாதை இல்லத்தில் 1703-இல் விவால்டி வயலின் ஆசிரியராகச் சேர்ந்தார். கைவிடப்பட்ட பெண்குழந்தைகள் வளர்ந்து அமைத்த வாத்தியக் குழுவுக்காக அவர் எழுதிக் குவித்தது இன்றும் வாசிக்கப்படுகிறது. ஆனால் அந்தப் பெண்கள் மாடத்தில், கம்பித் தடுப்புக்குப் பின்னால் நின்றுதான் இசைத்தார்கள். 1740-களில் வெனிஸில் இருந்த சிந்தனையாளர் ரூசோ, இத்தகைய இல்லம் ஒன்றில் பாட்டைக் கேட்டுவிட்டு, முகத்தைக் காட்டாத அந்தக் கம்பிகள் மேல் எரிச்சல்பட்டு எழுதியிருக்கிறார். இசையை மட்டும் வெளியே விட்டு உடம்பை உள்ளே பூட்டிய ஏற்பாடு அது. வயலினுக்கு அது சாத்தியம். பறைக்குச் சாத்தியமே இல்லை. கம்பிக்குப் பின்னால் நிறுத்திப் பறையாட்டம் ஆடச் சொன்னால் பாதி இசை அங்கேயே செத்துவிடும்.

குறை இல்லாமல் இல்லை. மேடைக்குப் போன பறைக் குழுக்கள் எல்லாவற்றிலும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அணிவகுப்பு ஒழுங்கு கூடிவிட்டது. எட்டாவது சுற்றில் எல்லோரும் இடப்பக்கம் திரும்புவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. எங்கள் சாவு மேளத்தில் ஒருவர் திடீரென்று சட்டியில் ஒரு குறும்பு பண்ணுவார். பறைக்காரர் அதைப் பிடித்துக்கொண்டு வேறெங்கோ போவார். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே பின்னால் ஓடுவார்கள். பயிற்சி மையத்தில் ஒரே அச்சில் கற்றவர்களுக்கு அந்தக் குறும்பு வரச் சில வருடம் தெருவில் அடிக்க வேண்டும். தெருவின் குறும்பு பெண்ணுக்கு வராது என்பதில்லை. ராயபுரத்துக்காரரான பாடகி இசைவாணி கானாப் பாட்டுக்குள் வந்தபோது அது முழுக்க ஆண்களின் களமாக இருந்தது. பிபிசி 2020-இல் உலகின் நூறு பெண்களில் ஒருவராக அவரைச் சேர்த்தது. கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழுவின் மேடைகளில் அவர் பாடும்போது தெருவின் அந்தத் திமிர் குரலில் அப்படியே இருக்கிறது. அதைப் பறையில் ஒரு பெண்ணிடம் கேட்க ஆசை. திண்டுக்கல்லில் பயின்ற ஒருத்தி எண்ணூரிலோ திருவொற்றியூரிலோ வாழ்க்கைப்பட்டு வந்து, இங்குள்ள சட்டிக்காரர்களோடு ஒரு வருடம் மல்லுக்கட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்ப்பேன். மாமியார் வீடு விடுமா என்பது வேறு கேள்வி.

பெண்கள் பறைக் குழு உங்கள் ஊர்ப் பக்கம் வந்தால் முன்வரிசை நாற்காலியைப் பிடிக்கப் போகாதீர்கள். அங்கே ஸ்பீக்கர்தான் கேட்கும். ஆட்டம் தொடங்கும் முன்பு மேடைக்குப் பின்னால் பறை காய்ச்சுகிற இடத்துக்குப் போய் நில்லுங்கள். ஒவ்வொருத்தியும் தன் பறையைத் தீயில் திருப்பித் திருப்பிக் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, பக்கத்தில் இருப்பவளின் பறையையும் சுண்டிப் பார்ப்பாள். ‘இன்னும் கொஞ்சம் காட்டுடி’ என்பாள் ஒருத்தி. அதற்குப் பிறகு அவர்கள் நடுவே இடித்துக்கொண்டு நிற்காமல் பத்தடி தள்ளி, பக்கவாட்டில், மண் தரையாகப் பார்த்து இடம்பிடியுங்கள். மைக் இல்லாமலே கேட்கும்.